நோக்குகூலி இல்லாத நோட்டக்காரர்கள்

'நோக்குகூலி' என்றால் என்னவென்று கேரளத்துக் கடைக்காரர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. லாரியில் வந்த சரக்கைக் கடை ஆட்களே இறக்கிக்கொள்வார்கள். சுமட்டுத் தொழிலாளர்கள் ஓரமாக நின்று பார்ப்பார்கள். வேலை முடிந்ததும், பார்த்ததற்கான கூலியை வாங்கிக்கொண்டு போவார்கள். 2018 மே 1ஆம் தேதி முதல் மாநில அரசு இந்த வழக்கத்துக்குத் தடை போட்டது. தடைக்கு மூன்று வருஷம் கழித்து, 2021 செப்டம்பரில், தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு வந்த ராட்சதக் கருவியையே சாலையில் மறித்துக் கூலி கேட்டார்கள். போலீஸ் வந்துதான் வண்டியை நகர்த்த முடிந்தது. ராக்கெட் விடுகிற நாட்டில் ராக்கெட் சாமானுக்கும் நோக்குகூலி.

அப்படிப்பட்ட மண்ணில், பார்ப்பதையே தொழிலாக, ஒப்பந்தம் போட்டு, நேரம் குறித்து, பில் வாங்கிச் செய்துவிட்டு, பார்த்ததற்குக் கூலி வருமா வராதா என்று காத்திருக்கிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இவர்களுக்கு ஆங்கிலத்தில் மிஸ்டரி ஷாப்பர் என்று பெயர். தமிழில் 'மர்ம வாடிக்கையாளர்' என்று எழுதினால் பத்து பைசா துப்பறியும் நாவல் வாசனை அடிக்கிறது. வேலை அப்படியொன்றும் திகில் நிறைந்ததல்ல. சாதாரண வாடிக்கையாளர் போலக் கடைக்குள் போக வேண்டும், கவனிக்க வேண்டும், வெளியே வந்து அறிக்கை எழுத வேண்டும். கடைக்காரருக்குத் தெரியக் கூடாது. கடையின் தலைமை அலுவலகம்தான் அனுப்பியிருக்கிறது என்பதுதான் இதிலுள்ள ஒரே மர்மம்.

நெய்யாற்றின்கரை வட்டாரத்துக்கு மாறுவேடம் புதிதில்லை. எதிரிகளுக்குப் பயந்து ஓடிய இளவரசர் மார்த்தாண்ட வர்மா பலாமரப் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது இந்தப் பகுதியின் கதை. அம்மச்சிப் பிலாவு என்ற அந்த மரத்தின் மிச்சத்தை நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவில் வளாகத்தில் இன்றும் காட்டுகிறார்கள். அரசர்கள் இரவில் வேடம் மாற்றி நகர்வலம் போய் நாட்டு நிலைமையை அறிந்த கதைகள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஏராளம். அரசர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தானே போனார். இப்போது கம்பெனி ஆள் வைத்து அனுப்புகிறது. வித்தியாசம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதே வட்டத்தில், விழிஞ்ஞத்துக்கும் பாலராமபுரத்துக்கும் அருகில் இருக்கிறது கோட்டுகால். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லைகள் மாறியபோது விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும் நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றது. அதனால் இந்த எல்லை ஊர்களில் வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் இன்னொரு மொழியும் பேசிப் பழகியவர்களைப் பார்க்கலாம். மர்ம வாடிக்கையாளர் தொழிலுக்கு இப்படிப்பட்ட ஆள் பொன்முட்டை. திருவனந்தபுரத்து ஷோரூமில் மலையாளத்தில் விலை கேட்கலாம். அங்கிருந்து பஸ் பிடித்து, பாறசாலை தாண்டி, களியக்காவிளை பெட்ரோல் பங்கில் தமிழில் பில் கேட்கலாம். ஒரே ஆள், இரண்டு மாநிலம்.

கோட்டுகாலில் பி.காம். முடித்த ஒரு பெண் இந்த வேலையை எடுத்துக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்லும் எண்கள்தான், ஆனால் தொழிலின் அமைப்பு இதுதான். திருவனந்தபுரத்தில் ஒரு செல்போன் கடை. காலை பதினொன்றுக்கும் ஒரு மணிக்கும் நடுவே போக வேண்டும். உள்ளே நுழைந்த எத்தனையாவது நிமிஷத்தில் சிப்பந்தி வணக்கம் சொன்னார், சட்டையில் பெயர்ப் பட்டை இருந்ததா, இருந்தால் என்ன பெயர், கூடுதல் வாரன்ட்டி வாங்கச் சொன்னாரா, கழிப்பறை சுத்தமா, தரையில் காகிதம் கிடந்ததா என்று அறுபது கேள்விகள். கடைக்குள் நின்று குறிப்பெடுக்க முடியாது. கழிப்பறையைச் சோதிக்கிற சாக்கில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் தட்டிக்கொள்வது இந்தத் தொழிலின் பழைய வித்தை. பிறகு ஒரு சின்னப் பொருள் வாங்க வேண்டும். பில்லைப் படமெடுக்க வேண்டும். கடையின் பெயர்ப்பலகையையும் யாரும் பார்க்காமல் படமெடுக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பி, பெரும்பாலும் ஆங்கிலத்தில், நடந்ததை விவரமாக எழுத வேண்டும். மலையாளத்தில் நடந்த பேச்சு, தமிழில் யோசிக்கிற மனசு, ஆங்கிலத்தில் அறிக்கை.

கட்டணம் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பஸ்ஸுக்கு 80 போகும். போக வர, கடையில் நிற்க, எழுத எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம். மணிக்கு 44 ரூபாய். கேரளத்தில் கட்டடத் தொழிலாளி ஒருவரின் சராசரி நாள் கூலி 2022-23லேயே 850 ரூபாயைத் தொட்டுவிட்டதாக ரிசர்வ் வங்கியின் கையேடு சொல்கிறது. அந்த 300ம் உடனே வராது. அறிக்கையை ஏஜென்சி படித்து, திருத்தி, கம்பெனிக்கு அனுப்பி, கம்பெனி ஏற்றுக்கொண்ட பிறகுதான் வரும். ஒரு மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். பில்லில் மணி ஒன்றைத் தாண்டி நாலு நிமிஷம் என்று அச்சாகியிருந்தால் அறிக்கை தள்ளுபடி. சிப்பந்தி பெயர்ப் பட்டை குத்தாமல் வந்திருந்து, பெயர் தெரியாமல் போனால் அதுவும் சில இடங்களில் தள்ளுபடி. தள்ளுபடியானால் கூலி மட்டுமல்ல, வாங்கிய பொருளின் காசும் கையை விட்டுப் போகும். கடை செய்த தவறைக் கண்டுபிடித்து எழுதியதற்கு அபராதம் எழுதியவருக்கு.

சரி, இதைப் போய் யாரிடம் சொல்வது? சங்கம் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்? இருக்கிறது. சிக்கலே அந்தச் சங்கம்தான்.

கடைகளுக்கு ரகசியமாக ஆள் அனுப்புகிற வழக்கம் அமெரிக்காவில் பழையது. ஆரம்பத்தில் நோக்கம் சேவை அல்ல. கல்லாவில் கை வைக்கிற ஊழியர்களைப் பிடிப்பது. மிஸ்டரி ஷாப்பிங் என்ற பெயரையே 1940களில் வில்மார்க் என்ற நிறுவனம்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது என்பார்கள். வங்கிகள், ஓட்டல்கள், பெட்ரோல் பங்குகள், கார் கம்பெனிகள் எனப் பரவி, 1998இல் இந்த நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் வைத்துக்கொண்டன. மிஸ்டரி ஷாப்பிங் ப்ரொவைடர்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக எம்.எஸ்.பி.ஏ. பிற்பாடு ஐரோப்பாவிலும் ஆசிய பசிபிக் பகுதியிலும் கிளைகள் வந்தன. தொடக்கத்தில் வைத்த பெயரில் நடுவே நின்ற 'ப்ரொவைடர்ஸ்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இது ஆள் அனுப்புகிற நிறுவனங்களின் சங்கம். போகிற ஆட்களின் சங்கமல்ல.

இது தெரிந்த சமாச்சாரம்தானே, இதில் என்ன மனக்குறை என்று கேட்கலாம். மனக்குறைக்குக் காரணம், சங்கம் இரண்டு முகம் காட்டியதுதான். நிறுவனங்களுக்கு அது வணிகச் சங்கம். வேலை தேடி வருகிறவர்களுக்கோ அது பள்ளிக்கூடம் மாதிரி நின்றது. வெள்ளிச் சான்றிதழ், தங்கச் சான்றிதழ் என்று இரண்டு படிநிலைகள் வைத்தது. இரண்டுக்கும் கட்டணம் உண்டு. நடத்தை விதிகள் வகுத்தது. ஷாப்பர்களுக்கென்றே மாநாடுகள் நடத்தியது. காசு கொடுத்துப் பரீட்சை எழுதித் தங்கச் சான்றிதழ் வாங்கியவர், தன்னையும் அந்த வீட்டுப் பிள்ளை என்று நினைப்பது இயல்பு. கூலி வராமல் கதவைத் தட்டும்போதுதான், தான் வாடகைக்கு இருக்கிறவர் என்று தெரிகிறது. உறுப்பினர் நிறுவனம் பற்றிப் புகார் கொடுத்தால், அதே நிறுவனத்தைக் கேட்டுப் பதில் வாங்கித் தருவதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்பது அமெரிக்க ஷாப்பர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிற குறை. சந்தா கட்டுகிறவரைச் சங்கம் எந்த அளவுக்குக் கண்டிக்கும்? சான்றிதழ் இருந்தால் கூலி அதிகமா என்றால், அதுவும் இல்லை. பல நிறுவனங்கள் அதைக் கேட்பதே இல்லை. வேலை ஒதுக்கும்போது முன்னுரிமை கிடைக்கலாம், அவ்வளவே.

கூலி விஷயத்தில் சங்கத்தைத் திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சங்கம் மனசு வைத்தாலும் கூலியை நிர்ணயிக்க முடியாது. ஒரே தொழிலில் போட்டியிடும் நிறுவனங்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து 'இதற்குக் குறைந்தபட்சம் இவ்வளவு தருவோம்' என்று பேசினால், அமெரிக்கச் சட்டப்படி அது கூட்டுச் சதி. குறைந்தபட்சம் என்று பேசினாலும் குற்றம்தான், அதிகபட்சம் என்று பேசினாலும் குற்றம்தான். சங்கக் கூட்டங்களில் கட்டணப் பேச்சு எழுந்தாலே வக்கீல்கள் இருமுவார்கள். சங்கத்துக்கு இது வசதியான இருமல் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் ஷாப்பர்களே தனியாகச் சங்கம் சேர்ந்து கூலி கேட்கலாமே? அங்கேயும் கதவு மூடியிருக்கிறது. ஷாப்பர் ஊழியர் அல்ல; ஒவ்வொருவரும் 'சுதந்திர ஒப்பந்ததாரர்' என்று கையெழுத்துப் போட்டுத்தான் வேலையே வாங்குகிறார்கள். ஊழியர்கள் சேர்ந்து கூலி கேட்டால் அது தொழிற்சங்கம். ஒப்பந்ததாரர்கள் சேர்ந்து கேட்டால் அது விலைக்கூட்டணி. 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னது. தலைநகர் வாஷிங்டனில் ஏழைக் குற்றவாளிகளுக்காக வாதாடிய தனி வக்கீல்கள், அரசு தருகிற கட்டணம் போதாதென்று சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டணம் குறைவு என்பதை யாரும் மறுக்கவில்லை. அரசே பணிந்து கட்டணத்தை உயர்த்தியது. ஆனாலும் அது சட்டவிரோத விலைக்கூட்டணி என்று தீர்ப்பு வந்தது. வக்கீல்களுக்கே அந்த கதி. கழிப்பறையில் நின்று குறிப்பெடுக்கிறவர் எம்மாத்திரம்?

இந்தியாவில் கதை முழுக்க வேறல்ல. மேற்கு வங்கத்தில் டப்பிங் செய்த மகாபாரதத் தொடரை ஒளிபரப்பக் கூடாதென்று திரைப்படக் கலைஞர்கள், தொழில்நுட்பக் கலைஞர்களின் கூட்டமைப்பு தடுத்தபோது, அது தொழிற்சங்க உரிமை என்ற வாதம் எடுபடவில்லை. போட்டிச் சட்டம் பாயும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலாளி-தொழிலாளி உறவு இருக்கிற இடத்தில்தான் சங்கத்துக்குக் குடை. உறவே இல்லையென்று முதல் பக்கத்திலேயே எழுதி வாங்கிவிட்டால், குடையும் இல்லை.

இதற்கெல்லாம் மேலாக இந்தத் தொழிலின் ரகசியம். சங்கம் சேர முகம் வேண்டும், பெயர் வேண்டும், 'இன்ன கம்பெனி எனக்கு இவ்வளவு பாக்கி' என்று ஊரறியச் சொல்ல வாய் வேண்டும். இந்த வேலைக்கோ முகம் தெரியக் கூடாது, யாருக்காகப் போனோம் என்று மூச்சு விடக் கூடாது. ஒப்பந்தத்தில் இரகசியக் காப்பு விதி இருக்கும். கடையின் பெயரைச் சொன்னால் விதிமீறல். சொல்லாவிட்டால் புகாருக்கு ஆதாரமில்லை. வீதியில் இறங்கிக் கொடி பிடித்தால், மறுநாள் எந்தக் கடைக்கும் போக முடியாது. சிப்பந்தி அடையாளம் கண்டு சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்வார், அதுவும் குறித்த நிமிஷத்துக்குள். பக்கத்து ஊரில் இதே வேலை செய்கிறவர் யார் என்றுகூட கோட்டுகால் பெண்ணுக்குத் தெரிய வழியில்லை. இருவரும் ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போயிருக்கலாம்.

வேவு பார்க்கப்படுகிறவர்களுக்குச் சங்கம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் வயிற்றெரிச்சல் இன்னும் கூடும். 2011 ஜூனில் அமெரிக்க மத்திய சுகாதாரத் துறை ஒரு திட்டம் போட்டது. ஒன்பது மாநிலங்களில் 4,185 டாக்டர்களின் கிளினிக்குகளுக்குப் போன் செய்து, புது நோயாளி போலப் பேசி, அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதா என்று பார்ப்பது; தனியார் இன்ஷூரன்ஸ் இருப்பவருக்கு ஒரு பதிலும் அரசு இன்ஷூரன்ஸ் இருப்பவருக்கு வேறு பதிலுமா என்று சோதிப்பது. செய்தி பத்திரிகையில் வந்தது. டாக்டர்கள் கொதித்தார்கள், அரசியல்வாதிகள் சேர்ந்துகொண்டார்கள். சில நாட்களிலேயே திட்டம் கிடப்பில் போடப்பட்டது. கண்காணிக்கப்பட இருந்தவர்களின் குரல் வாஷிங்டன் வரை கேட்டது. போன் செய்ய இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் கூலி என்ன என்று யாரும் கேட்கவில்லை.

இந்த வேலை வெறும் கம்பெனி விளையாட்டு, ஒழிந்தால் ஒழியட்டும் என்று தள்ளிவிடவும் முடியாது. வாடிக்கையாளர் வேடத்தில் போனவர்கள் சொல்லித்தான் நாட்டுக்குத் தெரிந்த சில உண்மைகள் உண்டு. 2015இல் வெளியான டெல்லி ஆய்வு ஒன்றில், காசநோயாளி போல நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் தனியார் டாக்டர்களிடமும் டாக்டர் என்று சொல்லிக்கொண்டவர்களிடமும் 250 முறை போனார்கள். முறையான சிகிச்சை வழிகாட்டல் கிடைத்தது 52 முறை. நூற்றுக்கு 21. கேள்வித்தாள் அனுப்பியிருந்தால் ஒவ்வொரு டாக்டரும் நூற்றுக்கு நூறு எழுதி அனுப்பியிருப்பார்கள். ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட்டுகளிடம் வாடிக்கையாளர் வேடத்தில் ஆள் அனுப்பி நடந்த இன்னொரு ஆய்வு, 2017இல் வெளியானது. வந்தவருக்கு எது நல்லது என்பதைவிட எதில் கமிஷன் அதிகம் என்பதுதான் ஏஜென்ட்டின் சிபாரிசைத் தீர்மானிக்கிறது என்று அது காட்டியது. 2010 ஜூலையில் யூலிப் பாலிசிகளுக்கு எவ்வளவு கமிஷன் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விதி வந்ததும், பல ஏஜென்ட்டுகள் யூலிப்பை விட்டுவிட்டு, கமிஷன் சொல்லத் தேவையில்லாத வேறு பாலிசிக்குத் தாவினார்கள் என்பதையும் அது பிடித்தது. பிரிட்டனில் நிதிச் சேவை ஆணையம் ஆறு வங்கி நிறுவனங்களுக்கு 231 முறை ஆள் அனுப்பி, ஏறக்குறைய நாலில் ஒரு தடவை ஆலோசனை சரியில்லை என்று 2013இல் அம்பலப்படுத்தியது.

இப்படியான ஆராய்ச்சிகளில் போகிறவர்களுக்கு வாரக்கணக்கில் பயிற்சி, மேற்பார்வை, நிச்சயமான ஊதியம் எல்லாம் உண்டு. பார்வை நம்பகமாக இருப்பதற்கு அதுவும் காரணம். ஐந்து மணி நேர வேலைக்கு 220 ரூபாய் மிஞ்சுகிற இடத்தில் என்ன நடக்கும்? கடைக்குப் போகாமலே அறிக்கை எழுதுகிறவர்கள் வருவார்கள். அவர்களைப் பிடிக்க நிறுவனங்கள் பில் படம், பெயர்ப்பலகைப் படம், இருக்குமிடம் காட்டும் ஜி.பி.எஸ். முத்திரை என்று கெடுபிடியைக் கூட்டும். கெடுபிடி கூடக்கூட நேர்மையாகப் போகிறவருக்கு வேலைப்பளு கூடும். கூலி அதேதான். இந்தச் சுழல்தான் பழைய ஆட்களைத் தொழிலைவிட்டு விரட்டுகிறது.

இந்தச் சந்தடியில் மோசடிக்காரர்கள் வேறு. அமெரிக்காவில் இவர்கள் கையாளும் வித்தை நன்கு தெரிந்தது. 'உங்களை மிஸ்டரி ஷாப்பராகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்' என்று ஒரு கடிதமும் பெரிய தொகைக்கு ஒரு செக்கும் வரும். செக்கை வங்கியில் போடு, உன் கூலியை எடுத்துக்கொள், மிச்சத்தைப் பணம் அனுப்பும் கடை வழியாக இன்னாருக்கு அனுப்பி, அந்தக் கடையின் சேவை எப்படி என்று எழுது என்பார்கள். செக் போலி என்று வங்கி கண்டுபிடிப்பதற்குள் அனுப்பிய பணம் போயிருக்கும். நஷ்டம் செக்கைப் போட்டவர் தலையில். காசு கட்டித்தான் மிஸ்டரி ஷாப்பர் ஆக வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதே என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. இங்கே அதே மோசடி டெலிகிராமில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது: ஓட்டலுக்கு நட்சத்திரம் போடு, வீடியோவுக்கு லைக் போடு, ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய். முதல் இரண்டு நாள் காசு வரும். மூன்றாம் நாள் 'முன்பணம் கட்டினால் பெரிய வேலை' என்பார்கள். சிக்கியவர்கள் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டியதுதான்.

நிஜ வேலைக்கும் போலி வேலைக்கும் வித்தியாசம் காட்டுவது சங்கத்தின் முதல் கடமையாக இருந்திருக்க வேண்டும் என்பது ஷாப்பர்களின் இன்னொரு மனத்தாங்கல். சங்கம் எச்சரிக்கை விடாமல் இல்லை. நாங்கள் ஆள் எடுப்பதில்லை, எங்கள் பெயரில் செக் வந்தால் நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் காசு கட்டாதே என்று சொல்கிற அதே தொழிலில், சான்றிதழுக்கு மட்டும் காசு கட்டலாம் என்றால் புதிதாக வருகிறவர் குழம்பாமல் என்ன செய்வார்? சான்றிதழ் கட்டாயமில்லை, பயிற்சிக்கான கட்டணம்தான் அது என்கிற சங்கத்தின் பதில் தர்க்கப்படி சரி. பாறசாலையில் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எது அசல் என்று திகைக்கிறவருக்கு அந்தத் தர்க்கம் எட்டாது. நெவாடா மாநிலத்தில் இந்த வேலையைத் தனியார் துப்பறிவாளர் சட்டத்துக்குள் கொண்டுவந்து உரிமம் கேட்கிறார்கள். அது அதிகப்படி என்று நிறுவனங்கள் முகம் சுளிக்கலாம். அங்கே யார் அசல் என்று அரசாங்கத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவாவது முடியும்.

கேரளத்தில் இதைச் சொல்லும்போது ஒரு வேடிக்கை தட்டுப்படுகிறது. சங்கமும் நல நிதியும் இல்லாத தொழிலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய மாநிலம் அது. கள்ளுத் தொழிலாளர்களுக்கு 1969இலேயே நல நிதிச் சட்டம் வந்துவிட்டது. சுமட்டுத் தொழிலாளர்களுக்கு 1978இல் தனிச் சட்டம். லாட்டரிச் சீட்டு விற்கிறவர்களுக்கும் 2008இல் ஒரு நல நிதி. கோட்டுகால் பெண் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில், ஆட்டோ ஓட்டுகிறவருக்குச் சங்கம் உண்டு, லாட்டரி விற்கிறவருக்கு நிதி உண்டு, மீனவருக்கு நிதி உண்டு, எதிரே மூட்டை இறக்குகிறவருக்கு அட்டையே உண்டு. 2025 மே 2ஆம் தேதி பக்கத்து விழிஞ்ஞத்தில் துறைமுகத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். கப்பல் பெட்டிகளோடு ஓட்டல்களும் ஷோரூம்களும் வரும் என்கிறார்கள். வந்தால், அவற்றை நோட்டம் பார்க்கிற வேலையும் வரும்.

2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்கு வந்த மத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஒரு சிறு வெளிச்சம் தெரிகிறது. வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிக்கிறவர் 'கிக்' தொழிலாளி என்கிறது அது. அந்த வரையறைக்குள் மர்ம வாடிக்கையாளர் அட்சரம் பிசகாமல் அடங்குகிறார். நல நிதிக்குப் பணம் போட வேண்டிய நிறுவனங்களின் பட்டியலில்தான் இழுபறி. டாக்சி, உணவு விநியோகம், சரக்குப் போக்குவரத்து, இணையச் சந்தை, தொழில்முறைச் சேவை என்று போகிற அந்தப் பட்டியலில், கடைக்கு ரகசியமாக ஆள் அனுப்புகிற ஏஜென்சி எந்த வரியில் வரும் என்று யாராவது வழக்குப் போட்டால்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2023 கடைசியில் கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்தது. அதை மனதில் வைத்து அமைத்தது ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோகிறவர்களை. அவர்கள் சிவப்பும் ஆரஞ்சும் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் தெரிந்தார்கள். வேலைநிறுத்தம் செய்தபோது ஊருக்கு உறைத்தது. மர்ம வாடிக்கையாளர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தால், கடைக்காரர்களுக்கே அது தெரியாது.

சங்கத்தைக் கலைப்பதோ நிறுவனங்களை விரட்டுவதோ இதற்கு மருந்தல்ல என்பதில் பழைய ஷாப்பர்களுக்கே சந்தேகமில்லை. அவர்கள் கேட்பது சின்ன விஷயங்கள். அறிக்கை அனுப்பிய எத்தனை நாளுக்குள் காசு என்று விதிகளில் எழுதப்பட வேண்டும். கடையின் தவறால் அறிக்கை குறைபட்டால், வாங்கிய பொருளின் காசாவது திரும்ப வேண்டும். தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பாக்கி வைக்கிற நிறுவனத்தின் பெயரைச் சங்கமே வெளியிட வேண்டும். ஷாப்பர் வாய் திறக்க முடியாது, சங்கம் திறக்கலாமே. இவை எதுவும் கூலியை நிர்ணயிப்பதல்ல என்பதால் வக்கீல்கள் இருமவும் காரணமில்லை. கடையில் எத்தனையாவது நிமிஷத்தில் வணக்கம் சொன்னார்கள் என்று கடிகாரம் பார்த்துக் கணக்கெடுக்கிற தொழில், தன் ஆளுக்கு எத்தனையாவது நாளில் காசு கொடுத்தோம் என்ற கணக்கை வெளியே காட்டத் தயங்குவது விசித்திரம்தான்.

கோட்டுகால் பெண்ணின் செல்போனுக்கு அடுத்த வேலை வந்திருக்கும். களியக்காவிளையில் ஒரு பங்க், மாலை நாலிலிருந்து ஆறுக்குள், ஐம்பத்தைந்து கேள்விகள். போன மாதத்துக் கடையின் காசு இன்னும் வரவில்லை. இன்றைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று கடைசி வரியில் போட்டிருக்கும்.